குளம் வெட்டுமுன் ஒரு கோலம்

திருவனந்தபுரத்தில் வந்து குடியமர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றிற்கு ஊரில் இன்னும் சிறிது நிலம் இருக்கின்றது. நாஞ்சில் நாட்டில் அரை ஏக்கர் வயல், நெல்லைச் சீமையில் கிணற்றோடு கூடிய ஒரு துண்டு, செங்கோட்டைப் பக்கத்தில் தென்னை நிற்கும் ஒரு விளை என்று ஏதோ ஒன்று. அண்ணனோ தம்பியோ அதனைப் பார்த்துக்கொள்கின்றார். நாம் பொங்கலுக்கும் அம்மன் கொடைக்கும் போய், வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வண்டியேறி வந்துவிடுகின்றோம். அண்மைக் காலமாக அந்த நிலத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் நம் காதில் விழுகின்றது: "அங்கே ஒரு மீன்குளம் வெட்டிப் போட்டால் என்ன?"

கேள்வியில் குற்றமில்லை. ஆனால் அக்கேள்விக்குப் பின்னால் சேமநிதிக் கடன் இருக்கின்றது. சிலருக்கு ஓய்வு பெற்றபோது கையில் வந்த மொத்தத் தொகையே இருக்கின்றது. மண் தோண்டும் எந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி இரண்டு நாளில் குளம் வெட்டிவிடலாம். முதல் ஆண்டில் ஒரு விடியற்காலையில் மீனெல்லாம் செத்து மிதக்கின்றது; இரண்டாம் ஆண்டில் கொசு வளர்கின்றது; மூன்றாம் ஆண்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. இப்படி முடிந்த குளங்களை நம் அன்பர்களின் ஊர்களில் நாம் கண்டிருக்கின்றோம். மீன் வளர்க்கும் அறிவு இல்லாமையால் அவை கெட்டன என்று சொல்ல முடியாது. அறிவுரைக்கு இன்று பஞ்சமில்லை. ஒருவர் மனத்தில் மட்டும் வரையப்பட்ட குளத்தை, வேறு நால்வர் உழைத்து நடத்தவேண்டி வந்ததே அவற்றின் கேடு என்பது நம் கருத்து. அதனை விளக்கவே இத்திங்கள் இப்பகுதியை எடுத்துக்கொண்டோம்.

முதலில், ஒருங்கிணைந்த மீன்குளம் என்பது யாது? தொழுவம், குளம், தோட்டம், வயல் ஆகிய நான்கும் ஒன்றன் கழிவை மற்றொன்று உணவாகக் கொண்டு இயங்கும் ஏற்பாடே அது. சாணத்தை மீன் நேரே உண்பதாகப் பலர் எண்ணுகின்றனர், பெரும்பாலும் அவ்வாறன்று. சாணம் நீரில் கரைந்து, வெயில் பட்டு, கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசியை வளர்க்கின்றது. அப்பாசியைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இவ்விரண்டுமே மீனுக்கு இரை. மேல்நீரில் மேய்வது கட்லா. நடுநீரில் மேய்வது ரோகு. அடியில் துழாவித் தின்பது மிர்கால். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் சண்டையின்றி நடப்பதைப் போல இம்மூன்றும் ஒரு குளத்தில் வளரும். குளத்தடியில் சேரும் வண்டல் தென்னைக்கும் வாழைக்கும் போகின்றது. வயலின் வைக்கோல் மாட்டுக்குப் போகின்றது. மாட்டுச் சாணம் மீண்டும் குளத்திற்கு வருகின்றது. வாத்து விட்டால் அதன் எச்சமும் நீரிலேயே விழும்.

இஃது ஒன்றும் நேற்று முளைத்த புதுமையன்று. சீனத்தில் நீண்ட காலமாகக் குளக்கரையில் முசுக்கட்டை வளர்த்து, அதன் இலையைப் பட்டுப்புழுவிற்கு இட்டு, புழுவின் கழிவை மீனுக்கு விட்டு, குளத்து வண்டலை மீண்டும் முசுக்கட்டைக்கு வாரிப்போட்டு வந்திருக்கின்றனர். நமக்கு அணித்தே எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் பொக்காளி வயல்களைப் பாருங்கள். மழைக்காலத்தில் உவர் குறைந்தபோது நெல். அறுவடைக்குப் பின், ஏறத்தாழ நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, அதே வயலில் இறால். நெல்லின் தாள் அழுகி இறாலுக்கு இரையாகின்றது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகின்றது. ஓதநீரை உள்ளே விடவும் வெளியேற்றவும் அவர்கள் வைத்திருக்கும் மதகிற்கு அங்கே 'தூம்பு' என்றே பெயர். நம் ஏரிகளில் வழங்கும் சொல்லும் அதுவே அன்றோ! பொக்காளி அரிசி 2008-ல் புவிசார் குறியீடு பெற்றது. கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த குட்டநாட்டு வேளாண்மையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கல்கத்தாவின் கதையும் ஒரு வரி சொல்லத் தக்கது. நகரத்தின் சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் வழி காணச் சென்ற துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர், நகருக்குக் கிழக்கே மீன் வளர்ப்போர் அக்கழிவுநீரைத் தம் குளங்களில் வெயிலுக்குக் காட்டி, பாசி வளர்த்து, மீனாக்கி, நீரையும் தெளியவைத்து வருவதைக் கண்டார். பொறியியல் தேடிய விடையை எழுத்தறியாதோர் கையில் வைத்திருந்தனர். அவ்வீரநிலம் 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பொக்காளியையோ சீனக் குளத்தையோ எந்த ஒரு தனி மனிதரும் தாளில் வரைந்து உண்டாக்கவில்லை. பல தலைமுறைகள் கூடிச் செய்து, கெட்டதை நீக்கி, நல்லதை வைத்துக்கொண்டதால் அவை அமைந்தன. நமக்கோ அத்தனை தலைமுறை காத்திருக்க இயலாது. சேமநிதிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் அந்தக் கூட்டறிவைக் குறுகிய நாளில் பெறும் வழி என்ன?

வழி ஒன்றை ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் சிற்றுழவரிடையே கண்டிருக்கின்றனர். மணிலாவில் 1977-ல் நிறுவப்பெற்று, இன்று வேர்ல்டுபிஷ் என்னும் பெயருடன் நம்மவர் வாழும் பினாங்கில் தலைமையகம் வைத்திருக்கும் பன்னாட்டு மீன்வள ஆய்வு மையத்தினர் அங்கே வேலை செய்தனர். கிளைவ் லைட்புட், ரெஜ் நோபிள் முதலிய ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட முறை மிக எளிது. குளத்தின் வரைபடத்தை அவர்கள் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. உழவரையும் அவர் வீட்டாரையும் கூட்டி, தம் பண்ணையைத் தாமே வரையச் சொன்னார்கள். மேட்டு நிலம், தாழ்நிலம், வீடு, ஆட்டுக்கொட்டில், குளம் எல்லாம் படமாயின. பின்னர் எது எங்கிருந்து எங்கே போகின்றது என்பதற்கு அம்புக்குறிகள் இட்டார்கள். தவிடு எங்கே போகின்றது? சாம்பல் எங்கே போகின்றது? களை எங்கே எறியப்படுகின்றது? அம்பு இல்லாத இடமெல்லாம் வீணாகும் இடம் என்று அவர்களுக்கே விளங்கிற்று. அப்பகுதியைப் பெருவறட்சி வாட்டிய காலத்தில், நீர் வற்றிய குளத்தின் ஈர அடியிலேயே காய்கறி பயிரிட்டு உண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். குளம் என்றால் எப்போதும் நீர் நிறைந்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்தையே அது மாற்றிற்று.

நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றியது அதே காலத்தில்தான். பெங்களூரைச் சார்ந்த மைராடா அமைப்பினர் 1989-ஐ ஒட்டி, ஊர் மக்களைக் கொண்டே நீர்ப்பிடிப்பு நிலங்களின் மாதிரிகளைத் தரையில் மண்ணாலும் வண்ணப் பொடியாலும் அமைக்கச் செய்தனர். மதுரைப் பக்கத்தில் ஸ்பீச் என்னும் அமைப்பும் அவ்வாறே செய்தது. இங்கிலாந்துப் பேராசிரியர் ராபர்ட் சேம்பர்ஸ் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். தாளும் பேனாவும் கொடுத்தால் வாய் திறவாத மக்கள், தரையில் பொடியும் விதையும் கொடுத்தால் ஒருவரையொருவர் திருத்தி விரைவாகப் படம் முடிப்பதை அவர் கண்டார். இதில் வியப்பென்ன! நாள்தோறும் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் கைக்குத் தரையே தாள்.

நாம் வாழும் கேரளத்திலும் 1990-களில் ஆக்குளத்துப் புவி அறிவியல் ஆய்வு மையமும் சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து, தொண்டர்களைக் கொண்டு ஊராட்சிகளின் நிலத்தையும் நீரையும் வரைபடமாக்கின. 1996 ஆகஸ்டு 17-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்திற்கு அப்பயிற்சி உதவிற்று. இன்னும் அணித்தே சொல்வதானால், நம்மவர் பலர் குடியிருக்கும் கரமனையிலேயே கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. சிறு நிலத்தில் நெல்லும் மீனும் மாடும் எவ்வாறு இணையலாம் என்பதை ஆராய்வதே அதன் வேலை. நம்மிற் பலர் அதன் வழியாகத்தான் சந்தைக்குப் போகின்றோம். உள்ளே எட்டிப் பார்த்தவர் எத்தனை பேரோ!

இம்முறையை நாமும் செய்து பார்ப்போம் என்று சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு குடும்பத்தார் நம் மன்றத்தில் கூடினோம். எடுத்துக்கொண்ட நிலம், நம்மோடு வேலை செய்யும் நண்பர் ஒருவருடையது. நாகர்கோவிலுக்கு வடக்கே, கால்வாயை ஒட்டிய அறுபது சென்டு. அவரும் அவர் தமையனாரும் கூட்டாக அனுபவிப்பது. குளம் வெட்டவேண்டும் என்று தம்பியும், விற்றுவிடலாம் என்று அண்ணனும் ஓராண்டாகப் பேசி வந்தனர். தமையனாரும், மதினியாரும், எழுபது கடந்த அன்னையாரும் காலை வண்டியில் வந்து இறங்கினர். மீன்வளத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் நம் அழைப்பிற்கு இணங்கி வந்திருந்தார். "கேட்டால் மட்டும் சொல்வேன்" என்று கூறி அவர் ஓரமாக அமர்ந்தது மிகப் பெரிய உதவியாயிற்று.

தார்ப்பாயை விரித்து அதன்மேல் ஆற்றுமணலைப் பரப்பினோம். கோலமாவு, புளியங்கொட்டை, தீப்பெட்டி, தீக்குச்சி, ஈர்க்கு, நீலத் துணி, குடிநீர்க் குவளைகள் இவையே கருவிகள். ஒரே ஒரு விதி வைத்தோம்: கருத்துச் சொல்ல விரும்புபவர் அதனைத் தரையில் ஒரு பொருளாக வைத்துக் காட்டவேண்டும், வாயால் மட்டும் சொல்லக் கூடாது. கூட்டங்களில் உரத்த குரல் உடையவரே வென்றுபோவது நாம் அறிந்ததுதானே. குனிந்து உட்கார்ந்து விதையை எண்ணத் தொடங்கினால் குரல் தானே தணிந்துவிடுகின்றது.

நிலத்தை வரைந்தவர் அன்னையார். வீடு, தொழுவம், கிணறு, பதினான்கு தென்னை, முப்பது சென்டு வயல், கால்வாய் எல்லாம் கோலமாவில் நொடியில் விழுந்தன. நண்பர் நீலத் துணியை எடுத்து, மீன் ஏற்றும் வண்டி வந்து நிற்க வசதியாகச் சாலையோரத்து மூலையில் இருபத்தைந்து சென்டு அளவிற்கு விரித்தார். அன்னையார் நகைத்துவிட்டார். "அங்கே மழைத் தண்ணீரே நிற்காது மக்கா, மீன் எப்படி நிற்கும்?" என்றார். மணலை அவர் கையால் அணைத்து மேடும் பள்ளமும் காட்டியபோது, தொழுவத்திற்குக் கீழே தென்கிழக்கு மூலைதான் தாழ்வு என்று எல்லாருக்கும் தெரிந்தது. துணி அங்கே நகர்ந்தது. சாணமும் அங்கே தானே வழிந்து போகும் என்பது கூடுதல் நன்மை.

அடுத்தது சாணம். வீட்டில் மூன்று மாடுகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது கிலோ சாணம் என்று மதினியார் கணக்குச் சொன்னார். கிலோவுக்கு ஒரு புளியங்கொட்டையாக முப்பதையும் நண்பர் நீலத் துணியின்மேல் கொட்டினார். பெரியவரைக் கேட்டோம். எக்டேருக்கு ஆண்டொன்றுக்குப் பத்து முதல் இருபது டன் சாணம் போதும் என்பது நடைமுறை; இருபத்தைந்து சென்டுக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கிலோவே பொருந்தும் என்றார். முப்பது கொட்டைகளில் இருபத்தைந்தைப் பொறுக்கியெடுத்தபோது நண்பரின் முகம் வாடிற்று. ஆனால் விடியற்காலையில் மீன் சாகும் மருமம் அங்கேதான் இருக்கின்றது. பகலில் பாசி உயிர்க்காற்றை வெளிவிடும். இரவில் பாசியும் மீனும் அழுகும் சாணமும் ஆகிய மூன்றுமே அக்காற்றைச் செலவழிக்கும். விடியுமுன் நீரில் உயிர்க்காற்று மிகக் குறைந்திருக்கும். மிகுதியாக எருவிட்ட குளத்தில் அப்போது மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து தவிக்கும். மழைமூட்டம் தொடர்ந்தால் செத்துப்போகும். நீர் எருவை ஏற்றுக்கொண்டதா என்பதற்குப் பெரியவர் ஒரு சோதனையும் சொன்னார். முழங்கை மடிப்பு வரை கையை நீரில் விடுங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. அதற்கு முன்பே மறைந்துவிட்டால் எருவை நிறுத்துங்கள்.

எஞ்சிய இருபத்தைந்து கொட்டையை என் செய்வது? மதினியார் அவற்றைத் தென்னைக்கும் வயலுக்குமாகப் பிரித்து வைத்தார். "இப்போதும் அங்கேதான் போடுகின்றேன், குளம் வந்தால் தென்னைக்கு என்ன போடுவது என்றுதான் எனக்குக் கவலையாயிருந்தது" என்றார். ஓராண்டுப் பேச்சில் இந்தக் கவலையை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

பின்னர் நீர். இங்கேதான் அன்று நாம் மிகுதியான நேரம் தங்கினோம். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உயிர், பேச்சிப்பாறை அணையின் நீர். 1906-ல் கட்டி முடித்த அவ்வணையிலிருந்து வைகாசி இறுதியிலோ ஆனியிலோ கால்வாயில் நீர் விடுவார்கள்; கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்தபின் மாசியில் அடைத்துவிடுவார்கள். இடையிலுள்ள மூன்று திங்களும் கிணறே துணை. கதிரவன் குடிப்பதும் மண் குடிப்பதுமாக நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் நீர் குறையும் என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து சென்டுக் குளத்தில் நாள்தோறும் பத்தாயிரம் லிட்டர் மறைகின்றது. ஆயிரம் லிட்டருக்கு ஒரு குவளையாகப் பத்துக் குவளைகளை வரிசையாக வைத்தோம். தமையனார் எழுந்து, பங்குனியில் தம் கிணறு ஊறும் நீர் இவ்வளவே என்று நான்கு குவளைகளை மட்டும் தனியே நகர்த்தினார். அதிலும் ஒன்றை எடுத்து வீட்டின்மேல் வைத்தார். யாரும் பேசவில்லை. சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு இத்தகைய கணக்குகள் புதியன அல்ல. ஆயினும் தாளில் எழுதிய பத்தாயிரம் என்னும் எண் செய்யாத வேலையைப் பத்துக் குவளைகள் செய்தன.

மூன்று குவளை நீரைக் கொண்டு குளத்தை எவ்வளவு சுருக்குவது என்று தம்பி கணக்கிடத் தொடங்கினார். அப்போது நாம் மலாவி நாட்டு உழவரின் வற்றிய குளத்தைப் பற்றிச் சொன்னோம். அன்னையாருக்கு அஃது உடனே பிடித்துவிட்டது. அவருடைய இளமையில் கோடையில் வற்றிய ஊர்க்குளத்தின் அடியில் வெள்ளரி போட்டதை அவர் கண்டிருக்கின்றார். கோடையோடு ஏன் மல்லுக்கு நிற்கவேண்டும்? வாய்க்காலில் நீர் வரும்போது மீன்குஞ்சு விடுவது; நீர் அடைக்கும் மாசியில் பிடித்துவிடுவது; பின்னர் ஈர மண்ணில் வெள்ளரியும் கீரையும் தட்டைப்பயறும்; சித்திரையில் வண்டலை வாரித் தென்னைக்குப் போடுவது. பொக்காளி வயலின் முறையும் இதுதானே: நீரின் நாட்காட்டிக்கு மனிதர் இணங்குவது. கிடைப்பது எட்டுத் திங்களே ஆகையால், சிறு குஞ்சை விடாமல் விரல் நீளத்திற்கு மேல் வளர்ந்த குஞ்சை வாங்கவேண்டும் என்று பெரியவர் சேர்த்தார்.

பத்துச் சென்டு என்று முடிவாயிற்று. எக்டேருக்கு ஐயாயிரம் குஞ்சு என்னும் கணக்கில் இருநூறு. அவற்றில் கட்லா எண்பது, ரோகு அறுபது, மிர்கால் அறுபது. நூற்றைம்பது பிழைத்து ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வந்தால் நூறு கிலோவிற்குச் சற்று மேல் ஆகும். நண்பர் முதலில் கனவு கண்டது இதைவிடப் பெரிது. ஆனால் வெட்டுக் கூலியும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கடனில் ஒரு பகுதி தேவையே இல்லை.

வாத்தைப் பற்றி நீண்ட வழக்கு நடந்தது. எக்டேருக்கு இருநூறு முதல் முந்நூறு வாத்து என்பது நூல் வழக்கு. பத்துச் சென்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. எட்டுத் தீப்பெட்டிகளைக் குளத்தின்மேல் வைத்ததும், பக்கத்து வயலுக்குரியவராக நடித்த நம் அன்பர் ஒருவர் நான்கை எடுத்துத் தம் வயலில் வைத்து, "கதிர் வரும்போது இவை இங்கேதான் இருக்கும்" என்றார். அடைப்பிற்கு ஈர்க்கு வேலி வந்தது. அவ்வேலிக்கு ஆகும் செலவு முன்பு யாருடைய கணக்கிலும் இல்லை.

இறுதியாக வேலை. குஞ்சு விடுதல், சாணம் கரைத்து ஊற்றுதல், தவிடும் பிண்ணாக்கும் இடுதல், விடியலில் நீரைப் பார்த்தல், வாத்தைத் திறந்து அடைத்தல், முட்டை பொறுக்குதல், வாய்க்கால் மடையைக் கவனித்தல், வேலி கட்டுதல், களவு காத்தல், மீன் விற்றல், வண்டல் வாருதல் எனப் பதினொரு வேலை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனைச் செய்பவருக்காக ஒரு தீக்குச்சி வைக்கச் சொன்னோம். தமையனாருக்கு நேர் குச்சி; மதினியாருக்கு ஒடித்த குச்சி; பணம் அனுப்பும் தம்பிக்கு ஓர் ஈர்க்கு. வீட்டார் தாமே பேசிப் பேசி வைத்தனர். முடிவில் பார்த்தால் பதினொன்றில் எட்டு ஒடித்த குச்சி. ஈர்க்கு ஓரிடத்திலும் இல்லை.

இதுவரை வகுத்திருந்த பங்கோ, முதல் போட்டவருக்குப் பாதி, ஊரில் இருப்பவருக்குப் பாதி என்பது. இருப்பது வேறு, உழைப்பது வேறு என்பதைக் குச்சிகள் காட்டின. அதன்பின் நடந்தது எளிய பேச்சு அன்று. தமையனார் இருமுறை தேநீர் அருந்த வெளியே போனார். தம்பி தம் பணத்திற்கு என்ன பொருள் என்று கேட்டார். அதுவும் நேர்மையான கேள்வியே. அன்னையார் நடுவில் இருந்து தீர்த்து வைத்தார். விடியலில் குளத்தைப் பார்ப்பதும் சாணம் ஊற்றுவதும் தமையனார் பொறுப்பு. முட்டைப் பணம் முழுதும் மதினியாருடையது. மீன் விற்ற பணத்தில் முதலில் செலவும் உழைத்தவர் கூலியும் கழித்து, மிஞ்சியதே பாதிப் பாதி. மடைக்கும் வேலிக்கும் ஆள் வைக்கும் கூலியைத் தம்பி இங்கிருந்து அனுப்புவது. நிலத்தை விற்கும் பேச்சு அன்று எழவில்லை. இனி எழாது என்று நாம் சொல்ல வரவில்லை.

இம்முறையால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் எண்ணற்க. மணலில் செய்த மாதிரி, மண்ணின் புளிப்பைக் காட்டாது. இங்குள்ள செம்மண்ணிலும் அங்குள்ள சில நிலங்களிலும் புளிப்பு மிகுதி. மண்ணைச் சோதித்து அதற்கேற்பச் சுண்ணாம்பு இடாமல் குஞ்சு விடலாகாது. நீர் தங்குமா என்பதையும் தரைமீது அறிய முடியாது. ஆள் இறங்கும் அளவு ஒரு குழி வெட்டி, நீர் நிரப்பி, மறுநாள் பார்க்கவேண்டும். வல்லுநரை விலக்குவதன்று நம் நோக்கம். அவரிடம் என்ன கேட்பது என்பதை அறிந்து போவதே நோக்கம். மற்றொன்று: கேரளத்திலேயே வயல் வாங்கியிருக்கும் அன்பர்கள், நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-ல் வந்தது என்பதை மறவாதீர்கள். வயலை வேறாக மாற்றுவதை அது தடுக்கின்றது. கிருஷி பவனில் கேளாமல் மண்வெட்டி எடுக்கவேண்டா. ஆப்பிரிக்கக் கெளுத்தி விரைவாக வளரும் என்று யாரேனும் குஞ்சு விற்க வந்தால் வாங்காதீர்கள். மற்ற மீன்களை விழுங்கும் அதனை வளர்க்க நம் நாட்டில் தடை உண்டு.

நண்பரின் நிலத்தில் குழிச் சோதனை முடிந்தது. நீர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. தென்கிழக்கு மூலையில் முளை அடித்திருக்கின்றனர். வாய்க்காலில் நீர் வந்தபின் குஞ்சு விடுவார்கள். மாசியில் மீன் பிடித்ததும் கணக்கை இப்பகுதியில் தருகின்றோம், நட்டமாயினும்.

செங்கோட்டைப் பக்கத்து விளை ஒன்றை எடுத்துக்கொண்டு வருகின்ற இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மீண்டும் கூடுகின்றோம். தம் நிலத்தையும் இவ்வாறு பார்க்க விரும்பும் குடும்பத்தார் முன்னதாகச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். நிலத்துக்கு உரியவர் வர இயலாவிட்டாலும் குற்றமில்லை; சாணக் கூடை சுமப்பவர் கட்டாயம் வரவேண்டும். அவருடைய வண்டிக் கட்டணத்தை உரியவர் கொடுத்து அழைத்து வருக. மணலும் தார்ப்பாயும் மன்றத்தில் இருக்கின்றன. புளியங்கொட்டை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.